43 வயதில் வங்கியிலிருந்து முகாமைத்துவ ஆலோசனைக்கு: களுவாஞ்சிக்குடிச் சகோதரியின் கேள்விக்குப் பதில்

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 43 வயது, வீடு களுவாஞ்சிக்குடியில். வங்கியில் 20 வருடச் சேவை. அதில் கடைசி ஆறு வருடங்கள் அம்பாறை மாவட்டத்துக் கிளையொன்றின் முகாமையாளர். கணவர் ஆசிரியர், மூத்த மகள் அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறார். ஓய்வு பெறும் வரை மாதாந்த இலக்குகளைத் துரத்திக்கொண்டே இருக்க மனமில்லாமல், முகாமைத்துவ ஆலோசனைத் துறைக்கு வர விரும்புகிறீர்கள். கொழும்பிலுள்ள பெரிய ஆலோசனை நிறுவனங்களில் இந்த வயதில் இடம் கிடைக்குமா, அதற்கு முதலில் எம்.பி.ஏ. முடிக்க வேண்டுமா, இப்போதே வேலையை விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது எனக்கு 46 வயது. அதற்கு முன் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்காளராகவும், 2004 சுனாமிக்குப் பின் தொண்டு நிறுவனமொன்றில் நிதி முகாமையாளராகவும் இருந்தேன். என்னுடைய வேலை முழுவதும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்குள்தான். ஆகவே அந்த அனுபவத்தின் எல்லைக்குள் நின்று பதில் சொல்கிறேன். நீங்கள் இந்தத் தொழிலுக்கு வரலாம், வர வேண்டும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் கொழும்புப் பெரிய நிறுவனம் என்ற வழியாக வர முயன்றால், உங்களிடம் உள்ள மிகப் பெறுமதியான சரக்கை வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு சந்தைக்குப் போவது போலாகும்.

பெரிய நிறுவனங்கள் எப்படி இயங்குகின்றன என்பதை விளங்கிக்கொண்டால் இதற்கான காரணம் தெரியும். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் மெக்கின்சி 1926 இல் தன் ஆலோசனை நிறுவனத்தைத் தொடங்கினார். பொஸ்டன் கன்சல்டிங் குரூப் 1963 இலும் பெயின் நிறுவனம் 1973 இலும் வந்தன. இவற்றின் கட்டமைப்பு ஒரு கோபுரம் போன்றது. அடியில், பல்கலைக்கழகத்தையோ எம்.பி.ஏ.யையோ அப்போதுதான் முடித்த இளையவர்கள் பலர். மேலே, வாடிக்கையாளரைக் கொண்டுவரும் பங்காளர்கள் சிலர். அடியில் இருப்பவர் குறித்த காலத்துக்குள் மேல்படிக்கு ஏறாவிட்டால் வெளியேற வேண்டும் என்பது இந்நிறுவனங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் நடைமுறை. உள்ளே எடுக்கும்போது, ஒரு தொழில் பிரச்சினையைக் கொடுத்து அந்த இடத்திலேயே பிரித்துப் பேசச் சொல்லும் கேஸ் இன்டர்வியூ வைப்பார்கள். அதைப் பயிற்சியால் வெல்லலாம், அது பெரிய மலையன்று. ஆனால் 25 வயதுப் பிள்ளைகளோடு ஒரே படியில் நின்று, இரவு இரண்டு மணிவரை அட்டவணையும் திரையில் காட்டும் ஸ்லைடுகளும் தயாரித்துக்கொண்டு, அடுத்த படிக்கு எப்போது ஏறுவோம் என்று காத்திருக்கும் வாழ்க்கை உங்கள் வயதுக்கும் குடும்பத்துக்கும் பொருந்துமா என்பதே கேள்வி.

அனுபவசாலிகளையும் அவர்கள் எடுக்கிறார்கள் என்பது உண்மைதான். கொழும்பில் டிலொயிட், பிடபிள்யூசி, ஈவை, கேபிஎம்ஜி ஆகிய கணக்காய்வு நிறுவனங்களின் ஆலோசனைப் பிரிவுகளில், ஒரு துறையை ஆழமாக அறிந்தவருக்கு இடமுண்டு. கிராமியக் கடன், சிறு தொழில் கடன், கிளை நிர்வாகம் ஆகியவற்றில் உங்களுக்கு இருக்கும் அறிவை அவர்கள் மதிப்பார்கள். ஆனால் அப்போதும் அவர்கள் தேடுவது உங்கள் துறை அறிவைத்தான். ஆலோசனைத் தொழிலைப் பழகிக்கொள்ள வந்த ஒருவரை அல்ல. அதற்காக ஒவ்வொரு ஞாயிறு இரவும் கல்முனையிலிருந்து புறப்படும் பேருந்தில் ஏறி, திங்கட்கிழமை விடியப்புறம் கொழும்பில் இறங்கி, வெள்ளி இரவு திரும்பி வரும் வாழ்க்கையை மகளின் பரீட்சை வருடத்தில் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த அறிவுக்குத் தேவை இங்கேயே இருக்கிறது.

இங்கே ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. எங்கள் பகுதியில் கன்சல்டன்ட் என்றாலே, தொண்டு நிறுவனத்துக்கு மதிப்பீட்டு அறிக்கை எழுதிக் கொடுப்பவர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சுனாமிக்குப் பின்னரும், 2009 இல் போர் முடிந்த பின்னரும் வந்த திட்டங்கள் அந்தப் பழக்கத்தை உண்டாக்கின. அதுவும் நேர்மையான தொழில்தான்; நானும் அதிலிருந்துதான் தொடங்கினேன். முகாமைத்துவ ஆலோசனை அதைவிட விரிந்தது. ஒரு தொழிலை நடத்துபவர் தன் கண்ணுக்கு எதிரே இருந்தும் தான் காண முடியாத ஒன்றைக் காண்பதற்கு உதவி, அதன்பின் அவர் எடுக்கும் முடிவு நடைமுறைக்கு வரும்வரை பக்கத்தில் நிற்பதே இந்த வேலை.

இதில் நடுவயதில் வருபவருக்கு மிகக் கடினமானது எது என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உங்கள் கையெழுத்துக்கு இன்று பலம் இருக்கிறது. நீங்கள் ஒப்பமிட்டால் கடன் வெளியேறுகிறது, ஒப்பமிடாவிட்டால் நிற்கிறது. கிளையில் பத்துப் பதினைந்து பேர் உங்கள் சொல்லைக் கேட்டு நடக்கிறார்கள். வங்கியை விட்டு வெளியே வந்த அடுத்த நாள் அந்தக் கையெழுத்துக்கு எந்தப் பலமும் இராது. ஆலோசகர் உத்தரவிட முடியாது. ஒரு ரூபாவைக்கூட அனுமதிக்க முடியாது. வாடிக்கையாளரின் களஞ்சியப் பொறுப்பாளர் கணக்குப் புத்தகத்தைக் காட்ட மறுத்தால், அவருடைய நம்பிக்கையைப் பெறும்வரை பொறுத்திருக்க வேண்டும். முத்திரையும் கதிரையும் எடுபட்ட பின்னர் உங்களிடம் என்ன மிஞ்சும் என்று ஓர் இரவு ஆறுதலாக இருந்து யோசித்துப் பாருங்கள். மிஞ்சுவதைத்தான் நீங்கள் விற்கப் போகிறீர்கள்.

உங்களைப் பொறுத்தவரையில் மிஞ்சுவது நிறைய என்று நான் நம்புகிறேன். நெற்செய்கைக் கடன் எந்த மாதத்தில் வெளியேறி எந்த மாதத்தில் திரும்பி வரும், உழவு இயந்திரத்துக்கு லீசிங் எடுத்தவர் எந்தப் போகத்தில் தவணை தவறுவார், நகை அடகு திடீரென்று கூடினால் அந்த ஊரில் என்ன நடக்கிறது என்பவற்றை நீங்கள் அறிவீர்கள். ஒரு வியாபாரியின் கணக்குக்கூற்றைப் பார்த்த மாத்திரத்தில், அவர் இலாபத்தில் ஓடுகிறாரா, கடனில் ஓடுகிறாரா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். கொழும்பிலிருந்து வரும் கெட்டிக்கார இளைஞர் ஒருவர் இதைக் கற்றுக்கொள்ளப் பல வருடங்கள் எடுக்கும்.

ஓர் உண்மையான வேலையைக் கிட்டவிருந்து காட்டுகிறேன். ஆளையும் இடத்தையும் அடையாளம் காட்டும் விபரங்களை விட்டுவிடுகிறேன். அம்பாறை மாவட்டத்தில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் என்னை அழைத்தார். இலாபம் வருடத்துக்கு வருடம் சுருங்கிவருகிறது, பொலன்னறுவைப் பெரிய ஆலைகளின் அரிசியோடு நிறத்தில் போட்டியிட முடியவில்லை, கடன் எடுத்து, நிறம் மாறிய அரிசியைப் பிரித்தெடுக்கும் கலர் சோர்ட்டர் இயந்திரம் வாங்கலாமா என்பது அவருடைய கேள்வி. வங்கியாளராக இருந்தால் நீங்கள் அந்த இயந்திரத்துக்கான கடன் விண்ணப்பத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆலோசகராக இருப்பவர் கேள்வியையே முதலில் பார்க்க வேண்டும். இலாபம் குறைந்தால், விற்ற விலை குறைந்திருக்கும், அல்லது விற்ற அளவு குறைந்திருக்கும், அல்லது ஒரு கிலோ அரிசிக்கு ஆன செலவு கூடியிருக்கும். இப்படிக் கிளை பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்ததில், விற்ற விலையும் அளவும் பெரிதாகக் குறையவில்லை. வாங்கிய நெல்லுக்கும் விற்ற அரிசிக்கும் இடையில்தான் எங்கோ நிறை காணாமல் போய்க்கொண்டிருந்தது.

அறுவடைக் காலத்தில் மூன்று நாட்கள் ஆலையின் தராசுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தேன். ஒவ்வொரு மூடைக்கும் இரண்டு கிலோ கழித்து மிகுதிக்குக் காசு கொடுத்தார்கள். ஈரத்துக்காகக் கழிக்கும் கழிவு அது. நெல் காய்ந்திருந்தாலும் இரண்டு கிலோ, நனைந்திருந்தாலும் இரண்டு கிலோ. "எங்கட வாப்பா காலத்துல இருந்து இரண்டு கிலோதான் கழிச்சிருக்கம்" என்றார் ஹாஜியார். அவருடைய வாப்பா காலத்தில் அந்தக் கணக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும். கையால் அறுத்து, வயலில் காயவிட்டு, சூடடித்துக் கொண்டுவந்த நெல்லில் ஈரம் 16 வீதமளவில் இருந்தால், களஞ்சியப்படுத்துவதற்கு ஏற்ற 14 வீதத்துக்கு அது இறங்கும்போது 65 கிலோ மூடையில் ஒன்றரைக் கிலோ அளவே குறையும். அறுவடை இயந்திரம் வந்த பிறகு, வெட்டிய அன்றைக்கே நெல் ஆலை வாசலுக்கு வந்துவிடுகிறது. அதில் ஈரம் 20 வீதம் இருந்தால், 65 கிலோவில் காய்ந்த பொருள் 52 கிலோ மட்டுமே. 14 வீத ஈரத்தில் அது 60.5 கிலோ நெல்லாகத்தான் நிற்கும். நாலரைக் கிலோ குறைகிறது, கழித்தது இரண்டு கிலோ. ஆகவே மூடைக்கு இரண்டரைக் கிலோ தண்ணீருக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். நெல் கிலோ 120 ரூபா என்று வைத்துப் பார்த்தால், 1,000 மூடைக்கு ஏறத்தாழ 3 இலட்சம் ரூபா.

அதைவிடப் பெரிய நட்டம் கணக்கில் தெரியாத இடத்தில் இருந்தது. நெல்லை நன்றாகக் காயவைத்துக் கொண்டுவந்த விவசாயிக்கும் அதே இரண்டு கிலோ கழிக்கப்பட்டது. அது அவருக்கு அநியாயம். ஆகவே நல்ல நெல் வைத்திருந்தவர்கள் மெல்ல மெல்ல வேறு ஆலைகளுக்குப் போய்விட, ஈர நெல் வைத்திருந்தவர்கள் இவரிடம் கூடினார்கள். ஈர நெல் குவிந்ததால் உலர்த்துவதில் சுணக்கம். சுணங்கியதால் அரிசி மஞ்சளித்தது. மஞ்சளித்ததால்தான் அவருக்குக் கலர் சோர்ட்டர் தேவைப்பட்டது. அவர் கேட்ட கேள்விக்கும் உண்மையான நோய்க்கும் இடையில் இவ்வளவு தூரம் இருந்தது. ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் ஒன்றையும், ஈரத்துக்கேற்ப எத்தனை கிலோ கழிக்க வேண்டும் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதித் தராசுக்கு மேலே தொங்கவிட்ட ஒரு பலகையையும் கொண்டுதான் முதல் திருத்தம் தொடங்கியது. காய்ந்த நெல்லுக்குக் கழிவே இல்லை என்று பலகையில் எழுதியிருந்ததை வாசித்த விவசாயிகள் அடுத்த போகத்தில் திரும்பி வந்தார்கள். இயந்திரத்தை அவர் இரண்டு வருடங்கள் கழித்து, பெரும்பாலும் தன் சொந்தப் பணத்திலேயே வாங்கினார்.

அந்த வேலையில் நான் பெருமைப்படக்கூடியது கணக்கு அன்று. கணக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த வீதக் கணக்குத்தான். ஹாஜியாரையும் அவருடைய மகனையும் தராசுக்குப் பக்கத்தில் வைத்து, அவர்கள் கையாலேயே இருபது மூடைகளுக்கு மீட்டர் வைத்துப் பார்த்து, அவர்கள் கையாலேயே கூட்டல் போடச் செய்தேன். தாங்களே கண்டுபிடித்த ஒன்றை எவரும் மறுக்க மாட்டார்கள். கையெழுத்துப் பலம் இல்லாதவருக்கு வேலை நடப்பது இப்படித்தான். அதற்கு மூன்று வருடங்களுக்கு முன், தொண்டு நிறுவனமல்லாத ஒரு வாடிக்கையாளருக்குச் செய்த என் முதல் வேலையில் இதை அறியாமல் பிழை விட்டேன். ஒரு குடும்ப வியாபாரத்துக்கு அறுபது பக்க அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதி, சுருள்கம்பி போட்டுக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலாளி மரியாதையாக வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தார். ஏழு மாதங்கள் கழித்துப் போனபோதும் அது வைத்த இடத்திலேயே இருந்தது. தமிழில் இரண்டு பக்கம் எழுதி, அவருடைய மனைவியையும் தம்பியையும் இருத்தி வைத்து வாசித்துக் காட்டியிருந்தால், அந்தக் கடையில் இருவர் வேலை இழக்காமல் இருந்திருப்பார்கள் என்று இன்றும் மனம் உறுத்துகிறது.

இப்போது எம்.பி.ஏ. பற்றி. அது கெட்டதன்று, அவசரமும் அன்று. உங்களுக்குச் சந்தைப்படுத்தலும் மனிதவள முகாமைத்துவமும் பழக்கமில்லாத துறைகள் என்பதால், அவற்றை ஒழுங்காகப் படிப்பது பயன் தரும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இரண்டிலும் முகாமைத்துவ பீடங்கள் உள்ளன. அங்கே என்ன பட்டப்பின் படிப்பு நடக்கிறது, வார இறுதியில் வகுப்பு உண்டா என்று நேரில் போய்க் கேட்டறியுங்கள். கொழும்புப் பட்டம் வேண்டுமென்று நினைத்தால் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முகாமைத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் உண்டு. நன்கொடை நிறுவனங்களின் கேள்விப்பத்திரங்களில் (டெண்டர்களில்) முதுமாணிப் பட்டத்துக்குப் புள்ளி இருக்கும். அந்த வேலைகளைக் குறிவைப்பதானால் பட்டம் தேவை. அரிசி ஆலை முதலாளியோ காத்தான்குடிப் புடவைக்கடைக்காரரோ உங்களிடம் பட்டச் சான்றிதழைக் கேட்க மாட்டார்கள். யாருக்கு என்ன செய்து கொடுத்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். முகாமைத்துவ ஆலோசகருக்கென்று சர்வதேச அளவில் சிஎம்சி (சான்றுபெற்ற முகாமைத்துவ ஆலோசகர்) என்ற தகைமையும், ஆலோசனைச் சேவை எப்படி வழங்கப்பட வேண்டும் என்று சர்வதேச நியமங்கள் அமைப்பு 2017 இல் வெளியிட்ட ஐஎஸ்ஓ 20700 என்ற வழிகாட்டலும் இருக்கின்றன. அந்த வழிகாட்டலை வாசித்துப் பாருங்கள். வேலையின் எல்லை, ஒப்படைக்க வேண்டியவை, முடிவு என்பவற்றை வாடிக்கையாளரோடு முன்கூட்டியே எழுதிக்கொள்ளும் ஒழுக்கத்தை அது கற்றுத்தரும்.

வாடிக்கையாளர் யார் என்பதில் தெளிவு வேண்டும். அரிசி ஆலைகள், பாசிக்குடாப் பக்கத்து விடுதிகள், மருதமுனையின் நெசவுத் தொழிலாளர்கள், கல்முனை, அக்கரைப்பற்று மொத்த வியாபாரிகள், தனியார் மருத்துவ நிலையங்கள், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் என்று வரிசை நீளும். எல்லோரிடமும் ஒரே நேரத்தில் போக முடியாது. முதல் இரண்டு வருடங்களுக்கு ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நெல்லும் அரிசியும் சார்ந்த தொழில்களே பொருத்தம் என்று நினைக்கிறேன். இவற்றில் பெரும்பாலானவை குடும்பத் தொழில்கள் என்பதால், கணக்குப் பிரச்சினை போலத் தோன்றுவது பல வேளைகளில் தகப்பனுக்கும் மகனுக்கும் இடையிலான பிரச்சினையாக இருக்கும். யார் அடுத்து நடத்துவது, மருமகனுக்குப் பங்கு உண்டா என்பவை பேசப்படாமல் கிடக்கும். ஒரு பெண்ணாக உங்களுக்கு ஆலை முற்றத்தில் சில சங்கடங்கள் வரலாம்; அதே வேளை, வீட்டின் உள்ளே இருந்து காசுப் புத்தகத்தை எழுதும் மனைவியோடும் மகளோடும் உட்கார்ந்து பேச உங்களால் முடியும். எனக்கு அந்த வாசல் திறந்ததேயில்லை. பாதி உண்மை அங்கேதான் இருக்கும்.

தொண்டு நிறுவன வேலைகளையும் ஒதுக்க வேண்டாம். திட்ட மதிப்பீடு செய்வதானால் ஓஈசிடி எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பின் மதிப்பீட்டு அளவுகோல்களைத் தெரிந்திருக்க வேண்டும்; ஐந்தாக இருந்தவை 2019 இல் ஆறாயின. அந்த வேலைகளில் காசு நிச்சயம் வரும், ஆனால் பிந்தி வரும். அறிக்கையை ஏற்றுக்கொண்ட பின்னும் கடைசித் தவணைக்கு என்னை ஏழு மாதங்கள் காக்க வைத்த ஒரு நிறுவனம் உண்டு. அந்த ஏழு மாதங்களும் வீட்டுச் செலவு மனைவியின் சம்பளத்தில்தான் ஓடியது.

வங்கியாளராக இருந்து வருபவர் என்பதால் உங்களுக்கு மட்டுமே உரிய இரண்டு எச்சரிக்கைகளை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்தபோது இரகசியம் பேணுவதாக ஒப்பமிட்டிருப்பீர்கள். 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கிச் சட்டமே அதைக் கோருகிறது. எந்த ஆலைக்கு எவ்வளவு கடன், யார் தவணை தவறியவர் என்பவற்றை வங்கியின் வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். ஒரு பெயர்ப்பட்டியலைக்கூடக் கைத்தொலைபேசியில் கொண்டுவரக் கூடாது. மற்றது, வெளியே வந்தவுடன் ஊரே உங்களைக் கடன் எடுத்துத் தருபவராகப் பார்க்கும். விண்ணப்பம் எழுதித் தாருங்கள், பழைய ஆட்களிடம் ஒரு சொல் சொல்லுங்கள் என்பார்கள். கடன் கிடைத்தால் இவ்வளவு தருகிறோம் என்றும் சொல்வார்கள். முதல் தடவையிலேயே மறுத்துவிடுங்கள். கடனுக்குத் தரகு வாங்கியவர், இந்தக் கடன் உங்களுக்கு வேண்டாம் என்று இன்னொரு நாள் ஒருவரிடம் சொல்ல முடியாது. எங்கள் ஊர்கள் சின்னவை. ஒரு முதலாளியின் கதையை இன்னொரு முதலாளியிடம் ஒரு தடவை சொன்னாலும், அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன் அது திரும்பி வந்துவிடும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் பலரும் தங்கள் கட்டணத்தைக் குறைத்தே கேட்கிறார்கள், நானும் கேட்டேன். இப்படிக் கணக்குப் பாருங்கள். மாதச் சம்பளம் 2,00,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் வேலை கொடுப்பவர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் செலுத்துகிறார். ஆகவே உண்மையான மாதப் பெறுமதி 2,30,000, வருடத்துக்கு 27,60,000. பயணம், கணினி, தொலைபேசி, மருத்துவக் காப்புறுதி என்று 5,00,000 சேர்த்தால் 32,60,000. வருடத்தில் காசு வாங்கக்கூடிய நாட்கள் 110 கிடைத்தால் அது நல்ல வருடம். மிகுதி நாட்கள் ஆட்களைச் சந்திக்கவும் முன்மொழிவு எழுதவும் படிக்கவும் போய்விடும். வகுத்துப் பார்த்தால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 30,000 ரூபா வருகிறது. இந்தத் தொகையை ஆலை முதலாளியிடம் நாட்கூலியாகச் சொன்னால் அவர் திடுக்கிட்டுவிடுவார். ஆகவே நாளுக்கு என்று பேசாமல், இந்தப் பிரச்சினைக்கு இந்த வேலை, இத்தனை வாரம், இவ்வளவு தொகை என்று ஒரு தாளில் தமிழில் எழுதி, மூன்றிலொரு பங்கை முற்பணமாக வாங்குங்கள். முதல் வருடத்தில் 110 நாட்களில் பாதி கிடைத்தாலே பெரிது என்று எண்ணி வீட்டுச் செலவைத் திட்டமிடுங்கள். நிறுவனங்கள் தரும் சேவைக் கட்டணம் மாதம் 1,00,000 ரூபாவைத் தாண்டினால், 2023 ஜனவரி முதல் 5 வீதம் வரியாகக் கழிக்கப்படுகிறது. அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்தால் வருட முடிவில் உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தினூடாகப் பதிவதும் வரி இலக்கம் எடுப்பதும் சிறிய வேலைகள். அவற்றுக்காகக் கவலைப்பட வேண்டாம். கம்பனியாகப் பதிவது பின்னர் பார்த்துக்கொள்ளக்கூடியது.

இனி, இப்போதே வேலையை விடலாமா என்ற கேள்வி. இப்போது வேண்டாம், தங்கச்சி. உணர்ச்சியால் சொல்லவில்லை, கணக்கைப் பார்த்துத்தான் சொல்கிறேன். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஒவ்வொரு சேவை வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் உங்களுக்குரியது. 20 வருடத்துக்குப் பத்து மாதச் சம்பளம். அதை முதலாவது ஆறுதலாக வைத்துக்கொள்ளலாம். சேமலாப நிதியைப் பெண்கள் பொதுவாக 50 வயதில்தான் எடுக்கலாம். ஆகவே இன்னும் ஏழு வருடங்களுக்கு அந்தப் பணத்தை இல்லாத பணமாகவே கருதுங்கள். உங்கள் வங்கிக்குத் தனியான ஓய்வூதியத் திட்டம் இருந்தால், எத்தனை வருடச் சேவையில் எந்த உரிமை வருகிறது என்பதை மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். வங்கி ஊழியர்கள் பலரும் மறந்துவிடும் இன்னொன்று, ஊழியர் வீட்டுக்கடன். சேவையில் இருக்கும்வரை சலுகை வட்டி. விலகினால் பொதுவாக மிகுதியை உடனே கட்டச் சொல்வார்கள், அல்லது சந்தை வட்டிக்கு மாற்றிவிடுவார்கள். தவணை ஒரே மாதத்தில் இரட்டிப்பாகிய குடும்பமொன்றை எனக்குத் தெரியும்.

இடைப்பட்ட காலத்தை வெறுமனே காத்திருந்து கழிக்கத் தேவையில்லை. வங்கியிடம் எழுத்தில் அனுமதி பெற்று, உங்கள் வங்கியின் வாடிக்கையாளர் அல்லாத ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கோ மகளிர் சங்கத்துக்கோ கட்டணமின்றி ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து பாருங்கள். உத்தரவிடாமல், கேட்டுக் கேட்டு, மற்றவரைக் கண்டுபிடிக்கச் செய்யும் பழக்கம் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று அதில் தெரிந்துவிடும். சிலருக்கு அது ஒத்துவருவதில்லை. நல்ல முகாமையாளர்கள் இருவர் இந்தத் தொழிலுக்கு வந்து, ஒரு வருடத்துக்குள் மீண்டும் சம்பள வேலைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். அது தோல்வி என்று நான் நினைக்கவில்லை. ஆலைக்காரர்களைச் சந்திக்கும் காலத்தையும் போகத்தைப் பார்த்துத் தெரிந்தெடுங்கள். பெரும்போக அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச்சில் அவர்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது; அந்நாட்களில் போய் ஓரமாக இருந்து பார்க்கலாம், பேச முடியாது. அறுவடை முடிந்து, வாங்கிய நெல்லுக்கும் கையில் நிற்கும் காசுக்கும் கணக்கு ஒத்துவராமல் அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும் மே மாதத்தில் போங்கள்.

மகளின் பரீட்சை முடியும்வரை வங்கியிலேயே இருந்து, அதற்குள் கட்டணத்தோடு இரண்டு வேலைகளுக்காவது வாய்மொழி உறுதி கிடைத்திருந்தால் விலகுவதைப் பற்றிப் பேசுவோம். அதற்கு முன் இரண்டு விடயங்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். வீட்டுக்கடனில் இன்னும் எவ்வளவு மிகுதி இருக்கிறது, சலுகை வட்டி போனால் மாதத் தவணை எவ்வளவாகும் என்பது ஒன்று. முத்திரையும் கதிரையும் இல்லாமல் நீங்கள் வாசலில் போய் நின்றாலும், உள்ளே அழைத்துத் தேநீர் தந்து தன் கணக்குப் புத்தகத்தை உங்கள் முன் திறந்து வைக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பது மற்றது. பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கையும் தொழிலும் போதும்.